அவங்கள் பாக்கிறாங்கள்

“அவங்கள் பாக்கிறாங்கள்.”

அவர் என்னோடு முதன்முதலில் கதைத்த கதை இதுதான். எங்கட ஆக்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் எந்த ஊர் என்றுதானே கேட்போம். அவர் அதைக்கூடக் கேட்கவில்லை.

பிரெஞ்சு கதைக்கிற இந்தப் பனிநகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வருசக்கணக்கில் இருந்துவிட்டு, பிள்ளையார் கண் திறந்து பியர்பொன்ட்ஸில் ஒரு சின்ன வீடு வாங்கி வந்த முதல் ஏப்ரல் அது. பனி கரைந்து முன்வளவு வெளியில் வந்தது. நான் எதிர்பார்த்தது பச்சைப் புல்லு. வந்தது வேறு. பனி வழிக்கிற வண்டி றோட்டிலிருந்து தள்ளிவிட்ட சரளைக்கல், போன வருசத்து இலைகள் ஊறிப்போய் அப்பளம் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டின படை, யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை, அயல் நாய்கள் குளிர்காலம் முழுக்க வைத்துவிட்டுப் போனவை. வாசல் இந்தக் கோலத்தில் கிடந்தால் லட்சுமி எப்படி உள்ளே வருவா? ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து குனிந்து கூட்டத் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டுக் கராஜிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அறுபது வயது இருக்கும். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாகத் தைத்த கரும்பச்சை வேலை உடுப்பு, றப்பர் சப்பாத்து, கையுறை, தொப்பி. 

“காணும், காணும்! அதை உள்ளுக்குக் கொண்டு போம். அவங்கள் பாக்கிறாங்கள்.”

“ஆர் அண்ணை?”

தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் எதிர்வீட்டைக் காட்டினார். அங்கே ஒரு யன்னல், அதில் ஒரு வெள்ளைப் பின்னல் திரை. ஒரு குஞ்சும் இல்லை.

“விளக்குமாத்தால புல்லைக் கூட்டுறதோ? என்ன நினைப்பாங்கள்? ரேக் இல்லையோ? என்ரயைத் தாறன். நிமிந்து நிண்டு இழும். குனியாதையும்.”

அவருடைய ரேக்கால், நீட்டுக் காம்பில் பல்லு வைத்த அந்த வாரியால், நிமிர்ந்து நின்று இழுத்தேன். எனக்குப் பின்னால் நின்று, எப்படி இழுக்கிறேன் என்று பார்க்காமல், அந்த யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடவுள் பார்க்கிறார் என்று பயப்படுகிற மனிசரை எனக்குத் தெரியும். நானும் அந்த வகைதான், வெட்கமில்லாமல் சொல்லுவேன். எதிர்வீட்டு யன்னல் பார்க்கிறது என்று பயந்து ஒரு ஆயுளைக் கழித்த மனிசனை அவரில்தான் கண்டேன். அந்த வீட்டில் ஆக்கள் மாறினார்கள். முதலில் பிள்ளைகுட்டிக்காரர் இருந்தார்கள், பேந்து ஒரு வயதான பிரெஞ்சு அம்மா தனியாக வந்தா. ஆக்கள் மாறினாலும் அவருடைய பயம் மாறவில்லை. அந்த அம்மாவைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி ‘மடம்’ என்றுதான் சொல்லுவார். சொல்லும்போது குரலைத் தணித்துக்கொள்வார், கர்ப்பக்கிரகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

மற்ற நேரங்களில் அவர் சும்மா ஒரு மனிசன்தான். பனி கரையத் தொடங்கினால் போதும், அந்தப் பயம் பிடித்துவிடும். மார்ச் கடைசியில் ஒரு நாள் வெயில் எறித்தால் அன்றைக்கே டெம்போவைக் கழற்றிவிடுவார். டெம்போ என்றால் காருக்கு மேலே பனி விழாமல் போடுகிற வெள்ளைச் சீலைக் கூடாரம். ஏப்ரல் முடிவதற்குள் கழற்றினால் போதும்.

“முதல் ஆளா நாங்கள் கழட்டோணும். அவங்கள் கழட்டினாப் பிறகு கழட்டினா, ஆரோ சொல்லித்தான் இவங்கள் செய்யிறாங்கள் எண்டு நினைப்பாங்கள்.”

ஒரு வருசம் அவர் கழற்றி மூன்றாம் நாள் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியது. தெருவில் எல்லாக் காரும் கூடாரத்துக்குள் சுகமாய்க் கிடக்க, அவருடைய கார் மட்டும் ஒரு வெள்ளைக் குவியலாய்ப் போயிற்று. விடியற்காலையில் மனிசன் தனியாக நின்று அள்ளினார். என் மனிசி வாசலில் நின்று கேட்டா:

“அண்ணை, கூடாரத்தைத் திரும்பப் போடுவமோ? இவரும் பிடிப்பார்.”

“சீ! திரும்பப் போட்டா அவங்கள் சிரிப்பாங்களெல்லே பிள்ளை.”

“இப்ப சிரிக்கேல்லையோ?”

அவர் இன்னொரு குவியலை அள்ளி எறிந்தார். என் மனிசிக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது.

செடிகளும் அப்படித்தான். குளிருக்குச் சாக்குப் போர்த்திக் கட்டி வைத்திருக்கிற சின்ன மரங்களை ஊரே விட்டு வைத்திருக்க, அவர் அவிழ்ப்பார். பேந்து வருகிற குளிரில் தளிர் எல்லாம் கருகும். கருகினதைப் பிடுங்கிவிட்டு அதே அளவில், அதே சாதியில் புதுக்கண்டு வாங்கி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நட்டுவிடுவார். நிலம் ஊறி இட்டலி மாதிரி இருக்கும்போதே ரேக்கோடு இறங்குவார். கால் வைத்த இடமெல்லாம் குழி. ரேக் இழுத்த இடமெல்லாம் புல்லு வேரோடு வரும். குழியை நிரப்ப மண் தேடுவார். நிரப்பின மண்ணை மிதித்து இன்னொரு குழி. இத்தனையும் எதற்கு? தெருவில் முதலாவதாகத் துப்புரவான வளவு அவருடையதாக இருக்க வேண்டும். துப்புரவு நல்லதுதான். சுத்தம் உள்ள இடத்தில்தான் தெய்வம் இருக்கும். ஆனால் அவர் ஒருநாளும் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடந்ததை நான் காணவில்லை. முன்னுக்கு ஒரு கதிரை போட்டு இருந்ததையும் காணவில்லை. வேலை உடுப்போடு கராஜால் வருவார், வேலை முடிந்தால் கராஜால் போவார். அவருடைய மனிசியும் பின்கதவால்தான். முன்கதவு படத்தில் வருகிற கதவு மாதிரி எப்போதும் பூட்டித்தான் கிடக்கும்.

ஒரு சித்திரை வருசப்பிறப்பு. வளவில் அங்கங்கே பனி இன்னும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாங்கள் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கார் நிற்கிற இடத்தைக் கழுவி, கோலம் போட்டு, காஸ் அடுப்பில் பொங்கல் வைத்தோம். சூரியனுக்கு முன்னால் பொங்க வேண்டும் என்பது என் மனிசியின் பிடிவாதம். பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து ஓடி வந்தார்.

“ஐசே, உமக்கு விசரே? புகை போகுது. மடம் பொலிசுக்கு டெலிபோன் அடிக்கப் போறா.”

“ஆவி அண்ணை, புகை இல்லை.”

“அவவுக்கு ஆவியும் புகையும் ஒண்டுதான். முதல்ல அந்தப் பானையைக் கராஜுக்குள்ள வையும்.”

பால் பொங்கி வழிந்தது. நாங்கள் கும்பிட்டோம். அவரும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார், ஆனால் கையை நெஞ்சுக்கு மேலே கொண்டு போகவில்லை. பிறகு எங்களுடைய கராஜுக்குள் போய், கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கவிழ்த்து வைத்த ஒரு வாளியில் குந்தியிருந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

“சக்கரை அளவாய் இருக்கு பிள்ளை, முந்திரி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்,” என்றார்.

“அண்ணை, மடத்துக்கும் ஒரு கிண்ணம் குடுத்துவிடுவமோ?” என்று என் மனிசி கேட்டா.

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. “பகிடிக்கும் அப்பிடிச் செய்து போடாதையும்,” என்றார்.

இனி அறுகுக் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

அந்த வீட்டுக்கு வந்த அடுத்த வசந்தம், மற்றப் புல்லெல்லாம் செத்த நிறத்தில் கிடக்க, எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற எல்லையோரம் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சையாய் எழும்பியது. குனிந்து பார்த்தேன். நீட்டு இலை, கணு, மண்ணுக்குள் வெள்ளைக் கயிறு மாதிரி ஓடுகிற வேர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறுகு! பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் வாடி வதங்கின அறுகுக் கட்டைத் தேடித் தேடி வாங்கின நாங்கள், இப்போது வாசலிலேயே பிள்ளையார் தந்திருக்கிறார். என் மனிசி அன்றிலிருந்து காலமை குளித்துவிட்டு மூன்று புல்லுக் கிள்ளி, மஞ்சளில் பிடித்த பிள்ளையாரின் தலையில் குத்திவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பா.

அவர் வந்து பார்த்தார். சிரித்தார்.

“அறுகோ? இது சியாந்தோன். இஞ்சத்தைக் களை. இதுக்கு இவங்கள் வைச்ச பேரே நாய்ப்பல்லு. நாய்ப்பல்லை வைச்சோ பிள்ளையாரைக் கும்பிடுறீர்?”

பிழை எங்களுடையதாகவே இருக்கலாம். இலை கொஞ்சம் அகலம்தான், எனக்குத் தெரியும். கோயில் ஐயரிடம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “இந்தக் குளிர் தேசத்தில அறுகும் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும், நீங்கள் வையுங்கோ,” என்றார். எனக்கு அது போதும்.

அவருக்குப் போதாது. அது வேலிக்குக் கீழால் ஓடித் தன் புல்லுக்குள் வந்துவிடும் என்பது ஒரு பயம். மடம் அதைக் காணுவா என்பது பெரிய பயம். ஒவ்வொரு ஏப்ரலும் அதைப் பிடுங்கச் சொல்லுவார், நான் மாட்டேன் என்பேன். ஒருதரம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன், “அண்ணை, என்ர வளவில என்ர புல்லு. உங்களுக்கு ஏன் இந்த நடுக்கம்?”

ரேக்கை ஊன்றிக்கொண்டு நின்றார். 

“தம்பி, நீர் வரேக்க இந்தத் தெருவில நான் இருந்தன். நான் வரேக்க ஒருத்தரும் இல்லை. நான் ஒருத்தன்தான் கறுப்பு. என்ர புல்லு ஒரு அங்குலம் கூட வளந்தா அது என்ர புல்லு இல்லை, விளங்குதே? எங்கட ஆக்கள் எல்லாற்றையும் புல்லு.”

இதைக் கேட்டு மனமிரங்கினேன் என்று சொல்ல மாட்டேன். எங்கட ஆக்கள் எல்லாரையும் தன்னுடைய தோளில் தூக்கி வைத்திருக்கிறவர், பக்கத்து வீட்டுக்காரனை வாசலில் நிம்மதியாய்ப் பொங்க விடவில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து காரை நிறுத்தினால், எல்லையோரம் பச்சை இல்லை. மண் கிளறி, தட்டி, மட்டம் பார்த்து, புது விதை தூவி, மேலே வைக்கோலும் பரவியிருந்தது. அவர் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். பூசைக்குப் பறித்த பூவை யாரோ மிதித்துவிட்ட மாதிரி என் மனிசி அப்படியே நின்றா. அடுத்த நாள் சதுர்த்தி.

“அண்ணை, பிள்ளையாற்ற புல்லைக் கொத்திப்போட்டியளே. நாளைக்கு விடிய அவருக்கு நான் என்னத்தை வைக்கிறது?”

“கடையில வாங்கும் பிள்ளை. வாசலில வளக்கிற சாமானே இது? உங்களுக்கு நல்லதுதான் செய்தனான். விதைகூட என்ர விதை.”

 என் மனிசி உள்ளே போய்ச் சாமி அறையில் வெறுங்கையோடு இருந்தா. நான் அவரோடு கதையை விட்டேன். அந்தக் கோடை முழுக்க ஒரு சொல்லு இல்லை. காலமை காரை எடுக்கும்போது, எங்களுக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அவருடைய விதை மினுமினுவென்று முளைத்து நிற்கும். அதைப் பார்க்காமல் பின்னுக்கு எடுக்கப் பழகிக்கொண்டேன்.

ஆனால் பிள்ளையாருக்கு ஒரு விளையாட்டுக் குணம் உண்டு. அறுகோடு கொத்தி அள்ளின மண்ணை அண்ணை என்ன செய்தார் தெரியுமே? வீணாக்கவில்லை. தன்னுடைய புல்லில் சப்பாத்தால் விழுந்த குழிகளையெல்லாம் நிரப்பினார். அந்த வேரைத் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு கண்டு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அடுத்த ஏப்ரல் பனி விலகினபோது, தெருவில் முதலாவதாகப் பச்சை வந்த வளவு அவருடையதுதான். எங்கே எங்கே கால் வைத்தாரோ அங்கே அங்கே ஒரு கொத்து. ஒரு மனிசன் நடந்து திரிந்த சுவடெல்லாம் அறுகு.

முழங்காலில் நின்று கத்தியால் ஒவ்வொன்றாகக் கிண்டினார். கிண்டக் கிண்டக் கூடினது. நான் யன்னலால் பார்த்துச் சிரித்தேன். சாமி குற்றமென்றால் இருக்கட்டும். என் மனிசி வெளியே போனா.

“அண்ணை, சாமிக்கு மூண்டு புல்லு எடுக்கட்டே?”

அவர் நிமிரவில்லை. “எடும் பிள்ளை. எல்லாத்தையும் எடும்.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா பின்பக்கத்தால வாரும்,” என்றார்.

அதன் பிறகு எங்களுடைய பிள்ளையாருக்கு அவருடைய வளவிலிருந்துதான் புல்லு.

இவ்வளவோடு அவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களோ? ஒரு வருசம் மே மாசம் மடம் தன்னுடைய புல்லை வெட்டவில்லை. வளவு முழுக்க மஞ்சள் பூக்களை, இங்கே எல்லாரும் களை என்று பிடுங்கி எறிகிற பிசான்லி பூக்களை, அப்படியே விட்டுவிட்டா. தேனீக்களுக்கு முதல் சாப்பாடு அதுதானாம். இவர் இரண்டு நாள் கராஜ் வாசலில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

“மடம் வெட்டேல்லை.”

“ஓம், தேனிக்கு விட்டிருக்கிறாவாம்.”

“அப்ப நாங்கள் வெட்டினது பிழையோ?”

“எனக்கென்ன தெரியும் அண்ணை.”

“என்ர வளவில ஒரு பூவும் இல்லை. ஏப்ரலிலயே எல்லாம் கிண்டிப்போட்டன்.” தெருவைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், பேந்து என்னுடைய வளவைப் பார்த்தார். “உம்மட்ட நல்லாப் பூத்திருக்கு. நாலைஞ்சு கண்டு தாரும்.”

என் சொந்தக் கண்ணால் கண்டேன். அந்த மனிசன் ஒரு பிளாஸ்டிக் பேசினில் களையை மண்ணோடு கிளப்பிக்கொண்டு போய், தன் முன்வளவில் இடைவெளி பார்த்து நட்டு, தண்ணியும் ஊற்றினார். யன்னல் திரை ஆடவே இல்லை.

பேந்து அவருடைய மனிசிக்கு முழங்கால் ஏலாமல் போய், மகள் வந்து இரண்டு பேரையும் ரொறன்ரோப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டா. பன்னிரண்டாம் மாடியாம். பல்கனியில் இரண்டு சாடியாம். போகிற அன்று சாவியைக் குடுக்க வந்தவர், காருக்குள் ஏற முதல் எதிர்ப்பக்கம் திரும்பி, தொப்பியைத் தூக்கி, எப்போதும் போல “பொன்ஜூர்” என்று வணக்கம் சொன்னார். பகல் நேரம், யன்னலில் ஒருவரும் இல்லை. வீட்டை ஒரு இளம் சோடி வாங்கினது. அவர்கள் புல்லை ஏறெடுத்தும் பார்க்கிறதில்லை. முன்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படியில் இருந்து கோப்பி குடிக்கிறார்கள்.

இந்த ஏப்ரல், சரளைக்கல்லை அள்ளிக்கொண்டு நின்றேன். மடம் தடியை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தா. இத்தனை வருசத்தில் முதல் தரம். கண் சரியாகத் தெரிகிறதில்லை போல, முகத்துக்கு மிகக் கிட்ட வந்துதான் நின்றா. என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. அவ ஆறுதலாகக் கதைத்தபடியால் விளங்கியது.

“மிசியே, அந்த வீட்டுத் தோட்டக்காரர் எங்கே? இப்போது வருகிறதில்லையோ?”

“எந்தத் தோட்டக்காரர் மடம்?”

“பச்சை உடுப்புக்காரர். நல்ல வேலைக்காரர். எங்களுடைய தெருவில் எல்லாருக்கும் முதல் வந்துவிடுவார். எனக்கு எப்போதும் பொன்ஜூர் சொல்லுவார்.” முந்தி எப்போதும் பூட்டிக் கிடந்த அந்த முன்கதவைத் தடியால் காட்டினா. “முந்தி இருந்த வீட்டுக்காரர் குடுத்து வைத்தவர். அவரைத்தான் நான் ஒருநாளும் காணவில்லை. பனி போனதும் என்னுடைய வளவுக்கும் வரச் சொல்லிக் கேட்கலாம் என்று இருந்தேன்.”

அவர் போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். “தோமாஜ்,” என்று தலையை ஆட்டிவிட்டுப் போனா. பாவம் என்கிற மாதிரி ஒரு சொல்லு.

அவர் வருசப்பிறப்புக்கு டெலிபோன் எடுப்பார். இந்த முறையும் எடுத்தார். மனிசியின் முழங்காலைச் சொன்னார், லிப்டில் நாய் கொண்டு வருகிறவர்களைத் திட்டினார்.

“பனி போயிட்டுதே?”

“கரையில மட்டும் கிடக்கு அண்ணை.”

“ஊறின நிலத்தில இறங்காதையும்,” என்றார், தான் ஒருநாளும் இறங்காதவர் மாதிரி. “டெம்போ கழட்டியாச்சோ?”

“இல்லை.”

“சரி சரி.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “மடம் இருக்கிறாவோ?”

“இருக்கிறா.”

“என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?”

‘தோட்டக்காரர்’ என்ற சொல்லோடு வசனம் முழுதாக என் நாக்கு நுனியில் இருந்தது. விளக்குமாற்றுக்கு, பொங்கல் பானைக்கு, சதுர்த்திக்கு முதல்நாள் கொத்தின புல்லுக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வசனம். என் மனிசி சாமி அறைக்கு எதிரே நின்று, அவருடைய பழைய வளவில் கிள்ளின மூன்று புல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினா. வேண்டாம் என்றாவோ சொல்லு என்றாவோ, எனக்கு விளங்கவில்லை.

“ஓம் அண்ணை, கேட்டவ. தெருவைக் கடந்து வந்து கேட்டவ. எங்க, இப்ப காணேல்லை எண்டு. எல்லாருக்கும் முதல் வளவில இறங்குறவர் எண்டும் சொன்னவ.”

 கைபேசியைக் கைமாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மனிசியைக் கூப்பிட்டார், “இஞ்சேரும், இஞ்சேரும்” என்று. பிறகு என்னிடம் வந்தார்.

“நான் அப்பவே உமக்குச் சொன்னனானெல்லே,” என்றார். “அவங்கள் பாக்கிறாங்கள்.”